ஐந்து மாதப் பிள்ளைக்கு முப்பரிமாண சீ.ரி. ஸ்கான் எடுக்கலாமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். மகனுக்கு ஐந்து மாதம். தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கிறது. உச்சியில் வரம்பு மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது. மண்டையோட்டுப் பொருத்து (எலும்புத் தகடுகள் இரண்டு சந்திக்கும் இடைவெளி) ஒன்று நேரத்துக்கு முன்பே ஒட்டியிருக்கலாம் என்று இங்கே கிளினிக்கில் சொல்லி, கொழும்புக்குத் துண்டு தந்திருக்கிறார்கள். அங்கே சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் ‘த்ரீ டி சீ.ரி.’ ஒன்று வேண்டும் என்றிருக்கிறார். ‘பச்சைப் பிள்ளையின்ர மண்டைக்குள்ள கதிர் பாய்ச்சுறதோ’ என்று அம்மம்மா அழுகிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். உப்புவெளியில் இருந்து கைக்குழந்தையோடு திரும்பவும் கொழும்புக்குப் போகாமல் திருகோணமலையிலேயே எடுத்துவிடலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி.

நான் எக்ஸ்ரே அறையிலும் சீ.ரி. அறையிலுமாக 28 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சத்திரசிகிச்சை வேண்டுமா, எப்போது என்பதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் டொக்டர்தான். ஸ்கான் பற்றி மட்டும் தெரிந்ததை விளக்கமாக எழுதுகிறேன். பதில் நீளம்தான், பிள்ளை தூங்கும் நேரத்தில் ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் பதியுங்கள். ‘த்ரீ டி’ என்பது தனியான இன்னொரு ஸ்கான் இல்லை. அதற்கென்று பிள்ளைக்கு மேலதிகமாக ஒரு துளி கதிரும் போகாது. சந்தையில் அறுக்குளா மீனை வட்டம் வட்டமாக வெட்டித் தருவார்கள் அல்லவா? ஒரு வட்டத்தை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் நடு முள் எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த முள் தலையில் இருந்து வால் வரை நேராகப் போகிறதா, வளைந்து போகிறதா என்று தெரியாது. வட்டங்களை எல்லாம் வெட்டிய வரிசையிலேயே திரும்ப அடுக்கினால் தெரியும். சீ.ரி. இயந்திரம் பிள்ளையின் தலையை அப்படித்தான், கத்தியில்லாமல், நூற்றுக்கணக்கான மெல்லிய வட்டங்களாகப் படம் எடுக்கிறது. அவற்றை அடுக்கி ஒரு முழு மண்டையோடாகத் திரையில் நிறுத்துவது கொம்பியூட்டரின் வேலை. பிள்ளை வீட்டுக்குப் போன பிறகும் அதைச் செய்யலாம், அடுத்த மாதமும் செய்யலாம், தரவு கையில் இருந்தால்.

அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வட்டம் எவ்வளவு மெல்லியதோ, அடுக்கிய உருவம் அவ்வளவு வழவழப்பாக வரும். தடித்த வட்டங்களை அடுக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டுப் போல் தெரியும். ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் எடுத்த படம் மூளைக்குள் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் போதும். ஒரு குழந்தையின் மண்டையோட்டுப் பொருத்து மெல்லிய கோடு, படிக்கட்டுக்கு நடுவே அது காணாமல் போய்விடும். சத்திரசிகிச்சைத் திட்டத்துக்கு ஒரு மில்லிமீற்றரோ அதற்கும் குறைவாகவோ வேண்டும்.

கொம்பியூட்டர் எலும்பை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்கிறது? ஸ்கானில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் இருக்கிறது. சீ.ரி. இயந்திரத்தை உருவாக்கிய கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அளவு வழங்குகிறது. 1971 ஒக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையை ஸ்கான் செய்தது அவருடைய இயந்திரத்தில்தான். அந்த அளவில் தண்ணீர் 0, காற்று -1000, எலும்பு சில நூறில் இருந்து ஆயிரத்துக்கும் மேல். ‘இந்த எண்ணுக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டு’ என்று சொன்னால் தோலும் சதையும் மறைந்து எலும்பு மட்டும் நிற்கும். திரையில் அதை எந்தப் பக்கமும் திருப்பலாம், உள்ளே இருந்துகூடப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஐந்து மாதப் பிள்ளையின் எலும்பு சில இடங்களில் தாள் மாதிரி மெல்லியது. அந்த இடத்தின் எண், நாம் வைத்த எல்லைக்குக் கீழே போய்விட்டால் படத்தில் ஓட்டை விழும். உண்மையில் அங்கே ஓட்டை இராது. ஸ்கான் ஓடும்போது பிள்ளை தலையை அசைத்தால் மண்டையோட்டின் குறுக்கே ஒரு வெடிப்பு வந்தது போலவும் தெரியும். முப்பரிமாணப் படத்தின் அச்சைப் பார்த்துவிட்டு ‘ஐயோ, என்ர பிள்ளைக்கு மண்டையில ஓட்டை’ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தகப்பன் ஒருவரை எனக்குத் தெரியும். ஆகவே ஸ்கான் அறையில் கிடைக்கும் படத்தை வைத்து வீட்டில் முடிவு கட்ட வேண்டாம். கதிரியல் நிபுணர் தட்டையான வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அறிக்கை எழுதுவார். இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை.

இனி, சத்திரசிகிச்சை டொக்டர் ஏன் இதைக் கேட்கிறார் என்று பார்ப்போம்.

பிறக்கும்போது பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்ரிமீற்றர். ஒரு வயதில் அது 46 அளவுக்கு வந்துவிடும். உள்ளே மூளை வளர்கிற வேகத்துக்கு மண்டையோடும் விரிய வேண்டும். விரிவதற்காகத்தான் எலும்புத் தகடுகளுக்கு இடையே பொருத்துகள் திறந்திருக்கின்றன. நெற்றிக்கு மேலே இருந்து பின்னோக்கி உச்சி வழியே போகும் நடுப் பொருத்து முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் தலை பக்கவாட்டில் விரிய முடியாமல் முன்னும் பின்னும் நீளும். நீங்கள் எழுதிய வடிவம் அதுதான். 2000 முதல் 2500 பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதோ ஒரு பொருத்து இப்படி ஒட்டுகிறது. அதில் ஏறக்குறைய பாதி இந்த நடுப் பொருத்து. உங்கள் கர்ப்பகாலத்தில் நீங்கள் செய்த எதனாலும் இது வந்ததில்லை. அம்மம்மாவுக்கும் ஒன்று சொல்லுங்கள்: குளிப்பாட்டும்போது எண்ணெய் வைத்துத் தலையை அமுக்கி உருட்டினால் ஒட்டிய எலும்பு திறக்காது. தயவுசெய்து அமுக்க வேண்டாம்.

முப்பரிமாணப் படத்தில் டொக்டர் முதலில் பார்ப்பது எந்தப் பொருத்து, எவ்வளவு நீளத்துக்கு ஒட்டியிருக்கிறது என்பதை. ஒன்று ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் திறந்தபின் இரண்டாவது ஒன்றும் ஒட்டியிருக்கக் கண்டால் மேசையிலேயே திட்டத்தை மாற்ற வேண்டி வரும். பிறகு எலும்பின் தடிப்பு, எலும்பைத் துளைத்துக்கொண்டு வரும் நாளங்களின் துவாரங்கள். நடுப் பொருத்துக்கு நேர் கீழே மூளையின் மிகப் பெரிய நாளம் ஓடுகிறது. வெட்டும் கோடு எங்கே போக வேண்டும், எங்கே போகவே கூடாது என்பது அறைக்குள் போகும் முன்பே அவர் மனதில் வரைந்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இதை விளக்கும்போது நான் இரத்தக் கணக்கைச் சொல்வேன். சிறு பிள்ளையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லிலீற்றர் இரத்தம். உங்கள் மகன் 7 கிலோ என்றால் மொத்தமே 560 மில்லிலீற்றர் அளவு. நாம் தேத்தண்ணி குடிக்கும் கோப்பை 150 மில்லிலீற்றர் பிடிக்கும். ஒரு கோப்பை இரத்தம் நமக்கு ஒரு விஷயமே இல்லை, அவனுக்கு அது கால் பங்குக்கும் மேல். மண்டையோட்டுச் சத்திரசிகிச்சையில் இரத்தம் போகத்தான் செய்யும், அதற்கு முன்கூட்டியே இரத்தம் ஒதுக்கி வைப்பார்கள். தேடித் தேடி வெட்டுவதற்கும், தெரிந்து வெட்டுவதற்கும் இடையில் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் மைக்கேல் வானியர் என்ற கதிரியலாளரும் ஜெஃப்ரி மார்ஷ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் முக எலும்பும் மண்டையோடும் கோணலாகப் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த முப்பரிமாண முறையைப் பெரிதாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.  இப்போது அதே தரவில் இருந்து பிளாஸ்ரிக்கில் மண்டையோட்டின் மாதிரியை அச்சிட்டு, கையில் வைத்து வெட்டிப் பழகும் இடங்களும் உண்டு. நடுப் பொருத்து மட்டும் ஒட்டிய பிள்ளைக்கு அதுவரை பெரும்பாலும் தேவைப்படாது.

கதிர் பற்றி அம்மம்மா கேட்டது நியாயமான கேள்வி. ‘ஒன்றுமே ஆகாது’ என்று நான் சொல்ல மாட்டேன். சீ.ரி. எக்ஸ் கதிரால் எடுப்பது. பிள்ளைகளின் கலங்கள் வேகமாகப் பெருகுவதாலும், அவர்களுக்கு முன்னால் நீண்ட ஆயுள் இருப்பதாலும் அதே கதிர் பெரியவர்களைவிட அவர்களை அதிகம் பாதிக்கும். 2012-ல் வெளிவந்த ஒரு பெரிய பிரித்தானிய ஆய்வு, சிறு வயதில் சீ.ரி. எடுத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. பத்து வயதுக்கு உட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலை ஸ்கான் எடுத்தால் அடுத்த பத்து வருடத்தில் மேலதிகமாக ஒருவருக்கு இரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்பது அவர்கள் கணக்கு. மிகச் சிறிய ஆபத்து, ஆனால் இருக்கிறது.

அளவைப் புரிந்துகொள்ள இன்னொரு வழி. மண், காற்று, வானம், சாப்பாடு எல்லாவற்றிலும் இருந்து மனிதர் ஒருவருக்கு உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவேர்ட் (உடம்புக்குக் கிடைக்கும் கதிரை அளக்கும் அலகு) கதிர் இயற்கையாகவே கிடைக்கிறது. வடக்கே புல்மோட்டைக் கரையில் அள்ளும் கறுப்பு மணலில்கூட இல்மனைற்றோடு சேர்ந்து கொஞ்சம் மொனசைற் இருக்கிறது, அதில் தானாகவே கதிர் வீசும் தோரியம் இருக்கிறது. குழந்தையின் தலைக்குச் சாதாரண சீ.ரி. ஒன்று சுமார் 2 முதல் 4 மில்லிசீவேர்ட் வரை போகலாம். எலும்பை மட்டும் பார்க்கும் குறைந்த அளவு ஸ்கானில் 1-க்கும் கீழே நன்றாகக் கொண்டுவரலாம். எலும்புக்கும் மற்றவைக்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் இருப்பதால் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் பொருத்து தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு வைக்கும் 120 கிலோவோல்ற்றிலேயே பிள்ளையையும் ஸ்கான் செய்வதுதான் தவறு. 80 அல்லது 100 போதும், கரண்டையும் குறைக்கலாம். ‘பிள்ளைக்கான செற்றிங்கிலா எடுக்கிறீங்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல ரேடியோகிராபர் அதற்குக் கோபிக்க மாட்டார். என்னிடம் கேட்ட தாய்மாரை நான் மதித்திருக்கிறேன்.

அண்ணன் சொன்ன எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை என்பது சரி. ஆனால் அது மூளையை அருமையாகக் காட்டும், எலும்பைச் சரியாகக் காட்டாது. அரை மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதால் மயக்கமும் கொடுக்க வேண்டி வரும். மூளையிலும் ஏதோ கோளாறு என்ற சந்தேகம் இருந்தால் அதைக் கேட்பார்கள். பொருத்து திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க அல்ட்ராசவுண்ட் நல்ல கருவி, பழகிய கை வேண்டும். அதில் எல்லாப் பொருத்தும் திறந்திருப்பது தெளிவாகத் தெரிந்தால் சீ.ரி.யே வேண்டாம். ஒரே பக்கமாகப் படுத்துப் பின்மண்டை தட்டையான பிள்ளைகள்தான் நம் ஊரில் எத்தனையோ மடங்கு அதிகம். அவர்களைக் கையால் தொட்டுப் பார்த்தே டொக்டர் சொல்லிவிடுவார். அவர்களுக்கு ஸ்கான் எடுப்பது வீண் கதிர். உங்கள் மகனின் கதை வேறு: அனுபவமுள்ள சத்திரசிகிச்சை டொக்டர் தொட்டுப் பார்த்து, கத்தி எடுப்பதற்காகவே கேட்கிறார். இங்கே ஸ்கான் தேவை. பயத்தில் மாதக் கணக்காகத் தள்ளிப் போடாதீர்கள், சின்னக் கீறலோடு முடிக்கக்கூடிய முறைகள் முதல் சில மாதங்களிலேயே பொருந்தும்.

இப்போது தரவு விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடத்துக்கு முன் ஏழு மாதப் பெண் பிள்ளை ஒன்று நான் வேலை செய்த அறைக்கு வந்தது. நெற்றிப் பக்கம் ஒட்டியிருந்தது. ஏற்கெனவே வேறோர் இடத்தில் ஸ்கான் எடுத்திருந்தார்கள். தாய் ஒரு பெரிய உறையில் இருந்து படங்களை எடுத்து மேசையில் வைத்தார், சீடியும் இருந்தது. போட்டுப் பார்த்தேன். தடித்த வட்டங்கள் மட்டும் இருபத்தைந்து முப்பது. அதை அடுக்கினேன். நெற்றி முழுவதும் படிக்கட்டு, பொருத்து எதுவுமே தெரியவில்லை. எடுத்த இடத்துக்குப் போன் செய்தேன். மெல்லிய வட்டங்கள் இயந்திரத்தில் இருந்திருக்கின்றன, யாரும் சீடியில் ஏற்றவில்லை. இடம் போதாமல் அடுத்த கிழமையே அழிந்துவிட்டன. அந்தப் பிள்ளைக்குத் திரும்ப மயக்கம், திரும்பக் கதிர். மூதூரில் இருந்து வந்த அந்தத் தாய் ‘நாங்க ஏதும் பிழை விட்டிட்டமா சேர்?’ என்று கேட்டார். அவர் ஒரு பிழையும் விடவில்லை. அன்றில் இருந்து நான் எடுத்த எந்தக் குழந்தையின் ஸ்கானையும் மெல்லிய வட்டங்கள் இல்லாமல் கையில் கொடுத்ததில்லை.

ஆகவே திருகோணமலையா கொழும்பா என்ற கேள்விக்கு என் பதில் இது. ஊர் முக்கியமில்லை, ஒரே தடவையில் சரியாக முடிவதுதான் முக்கியம். கொழும்பில் உங்களைப் பார்த்த டொக்டரின் கிளினிக்குக்கு ஒரு போன் எடுங்கள். ‘எங்கள் ஊரில் எடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா, எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும், சீடியில் என்னென்ன இருக்க வேண்டும்’ என்று கேட்டு, பதிலைத் துண்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் துண்டோடு இங்கே எடுக்கும் இடத்துக்குப் போய், இப்படி எடுக்க முடியுமா என்று முதலே கேளுங்கள். முடியும் என்றால் இங்கேயே எடுங்கள், 260 கிலோமீற்றர் பயணம் ஒன்று மிச்சம். தயக்கம் காட்டினால், அல்லது பிள்ளைக்கு மயக்கம் கொடுக்க வேண்டும், அதற்கு ஆள் இல்லை என்றால், பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போல தினமும் பிள்ளைகளையே பார்க்கும் இடத்தில் எடுப்பதுதான் நல்லது. இரவு ரயிலின் அலுப்பு ஒரு நாளில் போய்விடும். எங்கே எடுத்தாலும் சீடியை வாங்கி, கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் வையுங்கள், ஒரு பிரதியை வீட்டுக் கொம்பியூட்டரிலும் ஏற்றி வையுங்கள். அச்சுப் படத்தில் இருந்து முப்பரிமாண உருவம் எடுக்க முடியாது.

இதே முறையை வேறு நோய்களுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் உறவினர் சொல்லும் கதைகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிறவி இருதயக் கோளாறுக்கும், ஈரலில் கட்டிக்கும் எடுக்கும்போது நாளத்தில் மருந்து ஏற்றுவார்கள், இரத்தக் குழாய்கள் தெரிய வேண்டும் என்பதற்காக. முள்ளந்தண்டு பிறவியிலேயே கோணியிருந்தாலும் கேட்பார்கள். உங்கள் மகனுக்குப் பார்க்க வேண்டியது எலும்பு. பெரும்பாலும் ஊசி தேவையில்லை.

மயக்கமும் அனேகமாகத் தேவைப்படாது. ஸ்கான் ஓடுவது சில வினாடிகள்தான். ஐந்து ஆறு மாதம் வரையான பிள்ளைக்கு நான் விரும்பிய முறை, பால் கொடுத்துச் சுற்றி வைப்பது. நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்து, வெளியே வாங்கில் இருந்து வயிறு நிறையப் பால் கொடுங்கள். அதற்கு முந்திய பாலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, தூக்கத்தையும் பிடித்து வைத்திருந்தால் கண் தானாகச் சொருகும். பழைய பருத்திச் சீலை ஒன்று கொண்டுவாருங்கள். அம்மம்மாவின் சீலையாக இருந்தால் மணம் தெரிந்து அமைதியாக இருப்பான். கையையும் காலையும் சேர்த்து இறுக்கமாகச் சுற்றி, தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சணை வைத்து, நெற்றியில் ஒரு பட்டி. அறையின் குளிரில் எழும்பாமல் மேலே இன்னொரு துணி. நான் அப்படி எடுத்த பிள்ளைகளில் சிலர் ஸ்கான் முடிந்து தாயின் மடிக்குத் திரும்பிய பிறகும் கண் திறக்கவில்லை. மயக்கம் கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் இது தலைகீழாக மாறும், வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கடைசிப் பால் என்று மயக்க மருந்து டொக்டர் சொல்வதை அப்படியே கேளுங்கள், பிள்ளை அழுகிறான் என்று ஒரு வாய்கூடக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கே அடுத்த பிள்ளை உண்டாகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அறைக்குள் நீங்கள் நிற்காமல் தகப்பனையோ அம்மம்மாவையோ ஈயக் கவசம் போட்டு நிற்க விடுங்கள்.

மகனுக்குக் காது குத்தியிருந்தால் தோட்டை வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள், உலோகம் படத்தின் குறுக்கே வெள்ளைக் கீறுகளை இழுத்துவிடும். திருஷ்டிக்கு வைத்த கறுப்புப் பொட்டு அப்படியே இருக்கட்டும், அது படத்தில் விழாது.